ஹப்சிகுடாவில் சின்னதாக ஓர் இன்டீரியர் பிசினஸ்: அட்வான்ஸ் பணம் எங்கே கரைகிறது? தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சொந்த ஃபிளாட்டுக்கு நீங்களே முன்னால் நின்று இன்டீரியர் வேலையை முடித்தீர்கள். வந்து பார்த்த நண்பர், "சூப்பரா இருக்கே, எங்க வீட்டையும் பார்த்துக் கொடுங்களேன்" என்றார். அதையும் செய்து கொடுத்தீர்கள். இப்போது மூன்றாவதாக ஒருவர் கேட்கிறார். 'வேலையை விட்டுட்டு இதையே முழுநேரமா பண்ணா என்ன?' என்ற கேள்வி மனதுக்குள் வந்துவிட்டது.

ஹைதராபாத்தில் இருக்கும் தமிழர் என்றால், நகரின் கிழக்குப் பக்கம் உள்ள ஹப்சிகுடா இதற்கு ஏற்ற இடமாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் தொழிலில் பலர் வீழ்வது டிசைன் தெரியாததால் அல்ல. கணக்கில்தான். அந்தக் கணக்கு என்ன? எளிமையாகப் பார்ப்போம்.

ஏன் ஹப்சிகுடா?

ஒரு பக்கம் தார்நாகாவும் உஸ்மானியா பல்கலைக்கழகமும், இன்னொரு பக்கம் உப்பல், நாச்சாரம். சிசிஎம்பி, என்ஜிஆர்ஐ போன்ற மத்திய ஆய்வு நிறுவனங்கள் இங்கேதான் இருக்கின்றன. 2017 நவம்பரில் நாகோல் வரை மெட்ரோ வந்ததும், இங்கிருந்து அமீர்பேட்டைக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது.

இந்தப் பகுதியில் இரண்டு வகை வேலை கிடைக்கும். ஒன்று, புது அபார்ட்மென்ட். வெறும் சுவரோடு சாவி கைக்கு வந்திருக்கும். கிச்சன், வார்ட்ரோப், சீலிங் எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டாவது, பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீடு. தரையில் தாண்டூர் கல்லோ ஷாபாத் கல்லோ இருக்கும். பாத்ரூமில் கசிவு, போதாத பவர் பாயின்ட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இதில் லாபம் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அதனால் பழைய வீட்டுக்கு ஒரே தொகையாக கோட்டேஷன் கொடுக்காதீர்கள். "உடைத்த பிறகு தெரியவரும் பைப், வயரிங் வேலைக்குத் தனிக் கணக்கு" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

தமிழ் வாடிக்கையாளர்களும் தூரத்தில் இல்லை. பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி என செகந்திராபாத் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட காலமாக வாழ்கின்றன. பத்மாராவ் நகரின் ஸ்கந்தகிரி முருகன் கோயிலே அதற்குச் சாட்சி. பூஜை அறை எந்தத் திசையில், கிரைண்டர் மேடை எவ்வளவு உயரம் என்று தமிழிலேயே பேச முடிவது உங்களுக்கு ஒரு பலம்தான். ஆனால் சைட்டில் இந்தியும் தெலுங்கும் இல்லாமல் ஒருநாள் ஓடாது.

போட்டி யாரோடு?

பெங்களூருவில் 2014-இல் தொடங்கிய லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன் இரண்டும் இன்று பெரிய பெயர்கள். ஐகியா இந்தியாவில் தன் முதல் கடையைத் திறந்ததே ஹைதராபாத்தில்தான், 2018 ஆகஸ்ட் 9 அன்று. ரெடிமேட் அலமாரியின் விலையை வாடிக்கையாளர் போனிலேயே பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார்.

விலையைக் குறைத்து இவர்களோடு மோதுவது வீண். அவர்களால் எளிதில் செய்ய முடியாதது உங்களிடம் இரண்டு இருக்கிறது: ஒரே ஒரு பாத்ரூம் மாதிரியான சிறிய வேலையையும் எடுப்பது, வேலை முடிந்து ஒரு வருஷம் கழித்து கீல் தளர்ந்தாலும் அடுத்த நாளே போய் நிற்பது. அடுத்த வாடிக்கையாளரைக் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

சதுர அடிக் கணக்கில் என்ன சிக்கல்?

"சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சண்டை தொடங்கும் இடமும் அதுதான். வார்ட்ரோப் என்றால் முகப்பின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்குவது ஒரு முறை. உள்ளே வரும் ஒவ்வொரு பலகையையும் அளப்பது இன்னொரு முறை. எந்த முறை என்று கோட்டேஷனில் எழுதாவிட்டால், கடைசி பில்லில் வாக்குவாதம் நிச்சயம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 7 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழம் கொண்ட வார்ட்ரோப். முகப்பு 49 சதுர அடி. ஆனால் 18 எம்எம் பிளைவுட் எவ்வளவு வேண்டும்?

- கதவுகள்: 49 சதுர அடி
- இரண்டு பக்கப் பலகைகள்: 28
- நடுத் தடுப்பு: 14
- மேலும் கீழும்: 28
- மூன்றரை அடி அகலத்தில் ஆறு தட்டுகள்: 42

மொத்தம் 161 சதுர அடி. 8-க்கு 4 அடி ஷீட் ஒன்று 32 சதுர அடி. சேதாரத்தையும் சேர்த்தால் 6 ஷீட். பின்பக்கத்துக்கு 6 எம்எம்மில் 2 ஷீட் தனி. ஷீட் ₹3,200 என்று வைத்துக்கொண்டால், 18 எம்எம் பிளைவுட்டுக்கு மட்டுமே ₹19,200. இதன் மேல் லேமினேட், பசை, கீல், சேனல், பூட்டு, கூலி, வண்டி வாடகை. இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே உட்கார்ந்து போடாமல், "மார்க்கெட் ரேட் இதுதான்" என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால், லாபமா நஷ்டமா என்பது வேலை முடிந்த பிறகுதான் தெரியும்.

எந்த பிளைவுட் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். கிச்சன், பாத்ரூம் சுவரை ஒட்டிய இடங்களுக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிடபிள்யூபி ரகம்; ஈரம் படாத இடத்துக்கு ஐஎஸ் 303 போதும். ஹப்சிகுடாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 அக்டோபர் மழையில் இந்தப் பகுதியின் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தரைத்தள வீடு என்றால், வார்ட்ரோபைத் தரையோடு உட்கார வைக்காமல் கொஞ்சம் உயர்த்தி வைக்கலாமா என்று வாடிக்கையாளரிடம் நீங்களே கேளுங்கள்.

அட்வான்ஸ்: இந்தத் தொழிலின் பெரிய பொறி

₹8 லட்சத்துக்கு ஒரு சைட் கிடைக்கிறது. 50 சதவீதம் அட்வான்ஸ். கையில் ₹4 லட்சம். பார்க்கப் பெரிய பணம்தான். ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட இன்னும் உங்கள் பணம் இல்லை. வரப்போகும் பிளைவுட்டுக்கும் கூலிக்கும் உரியது.

நடப்பது என்ன? முந்தைய சைட்டில் கார்பெண்டருக்கு ₹80,000 பாக்கி. புது அட்வான்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அலுவலக வாடகையும் அதிலேயே போகிறது. இந்த சைட்டுக்குப் பொருள் வாங்கும் நேரத்தில் பணம் இல்லை. உடனே இன்னொரு சைட்டைப் பிடித்து அந்த அட்வான்ஸை இங்கே போடுகிறோம். சங்கிலி ஓடும்வரை எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஒரு மாதம் புது ஆர்டர் வராவிட்டால் போதும், மூன்று வீடுகளில் வேலை பாதியில் நிற்கும். அதில் ஒரு வீட்டுக்காரருக்கு கிரகப்பிரவேசப் பத்திரிகையே அடித்தாகியிருக்கும்.

தப்பிக்க வழி?

- தொகையைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். உதாரணமாக டிசைன் உறுதியானதும் 10%, பொருள் வாங்கும் முன் 40%, பொருத்தும் முன் 40%, சாவி கொடுக்கும்போது 10%.
- ஒவ்வொரு சைட்டுக்கும் தனிக் கணக்கு எழுதுங்கள். வங்கிக் கணக்கையே தனியாக வைத்தால் இன்னும் நல்லது.
- உங்கள் சம்பளத்தையும் ஒரு செலவாக எழுதுங்கள். 'மிஞ்சினது எனக்கு' என்று விட்டால் மிஞ்சவே மிஞ்சாது.
- நடுவில் கேட்கும் மாற்றங்களுக்கு, "அப்புறம் பேசிக்கலாம் சார்" என்ற வார்த்தையே வேண்டாம். விலையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'ஓகே' வந்த பிறகே கை வையுங்கள்.

ஜிஎஸ்டி: எந்த வழி லாபம்?

வீட்டில் பொருத்திக் கொடுக்கும் இன்டீரியர் வேலை பொதுவாக 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்' என்ற சேவையாகவே கருதப்படும். வரி 18%. ஆண்டு விற்றுமுதல் ₹20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வீடு ஒன்று ₹8 லட்சம் என்றால் மூன்றாவது வீட்டிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள்.

₹50 லட்சம் வரை விற்றுமுதல் உள்ள சேவைத் தொழிலுக்கு காம்போசிஷன் என்ற எளிய திட்டம் உண்டு. அதில் விற்றுமுதலில் 6% கட்டினால் போதும். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியையும் கழித்துக்கொள்ள முடியாது.

கணக்கைப் பாருங்கள். வேலையின் மதிப்பு ₹8 லட்சம். அதில் வரி நீங்கலாகப் பொருள் ₹3.5 லட்சம். சாதாரண முறையில் வாடிக்கையாளர் கொடுப்பது ₹9.44 லட்சம். பொருளின் விலை போக, கூலிக்கும் லாபத்துக்கும் உங்களிடம் இருப்பது ₹4.5 லட்சம். காம்போசிஷனில் அதே ₹4.5 லட்சம் மிஞ்ச வேண்டுமானால், நீங்கள் சுமார் ₹9.18 லட்சம் வாங்க வேண்டும். ஆக, வித்தியாசம் ₹26,000 மட்டுமே. "6% எங்கே, 18% எங்கே!" என்று தோன்றுகிற அளவு பெரிதல்ல. பொருளின் பங்கு கூடக் கூட இந்த வித்தியாசமும் சுருங்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். காம்போசிஷனில் இருப்பவர் வேறு மாநிலத்து வேலையை எடுக்க முடியாது. நண்பரின் விஜயவாடா வீடு ஆந்திரப் பிரதேசத்தில் வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வருமான வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. உத்தேச வரித் திட்டத்தில் இன்டீரியர் டெக்கரேஷன் ஒரு 'தொழில்முறைச் சேவை'. டிசைன் கட்டணம் மட்டும் வாங்கினால், வருவாயில் பாதி லாபமாகக் கணக்கிடப்படும். பொருளும் ஆளும் போட்டு வேலையை முடித்துக் கொடுத்தால் அது வணிகம். அங்கே 8%, வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6%. இரண்டையும் கலந்து செய்பவர் தொடக்கத்திலேயே ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

என்னென்ன பதிவு வேண்டும்?

இன்டீரியர் டிசைனர் ஆக அரசு உரிமம் தேவையில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் 'ஆர்க்கிடெக்ட்' என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளக் கூடாது. அலுவலகம் திறந்தால் மாநகராட்சியின் டிரேட் லைசென்ஸ், தொழிலாளர் துறையின் கடைகள், நிறுவனங்கள் பதிவு ஆகியவை வேண்டும். உத்யம் பதிவு இலவசம். பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

சைட்டில் எங்கே கவனம்?

தூண், பீம் எதையும் தொடாதீர்கள். புது ஃபிளாட் என்றால், ரெரா சட்டப்படி கட்டமைப்புக் குறைகளை ஐந்து ஆண்டு வரை பில்டர்தான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் சுவரை உடைத்தால், "இன்டீரியர்காரர்தான் கெடுத்தார்" என்று அவர் கைகழுவ வழி கிடைத்துவிடும். வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு விரிசலையும் போட்டோ எடுத்து வையுங்கள். பாத்ரூம் வேலையில், டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துக் கசிவைப் பாருங்கள். இடித்த குப்பையைக் காலி மனையில் கொட்ட வேண்டாம். அதற்கென்றே ஜீடிமெட்லாவிலும், நாகோலுக்கு அருகே ஃபதுல்லாகூடாவிலும் கட்டடக் கழிவு மையங்கள் உள்ளன.

ஆட்களின் நாட்காட்டியையும் தெரிந்துகொள்ளுங்கள். வட மாநிலத்திலிருந்து வந்த கார்பெண்டர்கள் ஹோலிக்கும் தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள். தெலுங்கு ஆஷாட மாதத்தில் பலர் புதுவீடு புக மாட்டார்கள்; அடுத்து வரும் ஸ்ராவணத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வீடு வேண்டும். நம் ஆடியும் ஆவணியும் இதே தேதிகளில் வராது. தேதி கொடுக்கும் முன் பஞ்சாங்கத்தைக் கேளுங்கள்.

ரம்பத்தில் வேலை செய்பவருக்கு ஒரு விபத்துக் காப்பீடாவது இருக்கிறதா? பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டு பிரீமியம் ₹20. விபத்து மரணத்துக்கு ₹2 லட்சம். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்குள்ள யாரும் சேரலாம். உங்கள் சைட்டில் வேலை செய்யும் எல்லோரையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் புகார் கொடுத்தால்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். ₹50 லட்சம் வரையிலான வேலை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அங்கே பேசப்போவது உங்கள் கோட்டேஷனும் வாட்ஸ்அப்பில் வந்த 'ஓகே'யும்தான். ஒப்பந்தத்தில் வேலையின் எல்லை, பிராண்டு, அளக்கும் முறை, முடிக்கும் தேதி, தாமதமானால் என்ன, எத்தனை மாத வாரண்டி ஆகிய ஆறும் இருக்கட்டும். இரண்டு பக்கம் போதும்.

சரி, வேலையை விடலாமா?

உடனே வேண்டாம். அலுவலக வேலையில் இருந்தபடியே இன்னும் இரண்டு சிறிய சைட்களை முடியுங்கள். முதலில் உங்கள் வேலை ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் சம்பளத்தையும் எழுதிய பிறகு எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவையும், ஒரு சைட்டின் கடைசி 10% வராவிட்டாலும் கார்பெண்டருக்குக் கூலி கொடுக்கும் அளவு பணத்தையும் தனியே சேருங்கள். இரண்டும் கையில் இருக்கும் நாளில் ராஜினாமாக் கடிதத்தை எழுதலாம். அதற்கு முன் எழுதினால், உங்கள் வீட்டுச் செலவும் அடுத்தவரின் அட்வான்ஸிலிருந்துதான் போகும்.