உதயம்பேரூர்ச் சங்கமும் சுரியானி நூல்களும்

கொச்சிக்குத் தெற்கே உள்ள உதயம்பேரூரில் 1599ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் 26 வரை கூடிய திருச்சபைச் சங்கத்தைப் பற்றி நம் மாணவர் அனைவரும் வகுப்பில் கேட்டிருப்பர். கோவா அதிமேற்றிராணியார் அலெக்சோ தெ மெனேசிஸ் கூட்டிய அச்சங்கத்தில் 153 குருமாரும் சபைகளின் பிரதிநிதிகளாக 660 பேரும் அமர்ந்தனர். தோமா கிறிஸ்தவர்களைப் பாபிலோனிய முதுபிதாவின் ஆளுகையினின்று பிரித்து ரோமாபுரியின் கீழ்க் கொணர்ந்த சங்கம் என்றே அது நினைவுகூரப்படுகிறது. ஆயின், அதன் மூன்றாம் அமர்வில் நூல்களைப் பற்றி இயற்றப்பட்ட தீர்மானங்களைப் படித்தோர் நம்மில் மிகச் சிலரே.

1597இல் மார் ஆபிரகாம் அங்கமாலியில் காலமானபின் அச்சபைக்கு அத்தியட்சர் இல்லை. கீழ்த்திசையிலிருந்து வேறொருவர் வந்துவிடாதபடி துறைமுகங்களைக் காக்கப் போர்த்துக்கீசியரால் கூடும். ஏற்கெனவே வந்து, கோயில்களிலும் குருமார் இல்லங்களிலும் தங்கிவிட்ட சுரியானி நூல்களை என் செய்வது? அத்தியட்சர் இல்லாத சபைக்கு அந்நூல்களே அத்தியட்சர் பணியைச் செய்துவந்தன. மெனேசிஸ் இதை நன்கு உணர்ந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

கண்டிக்கப்பட்ட நூல்களின் பட்டியல் நீளமானது. நிசிபிஸ் நகரத்து அப்தீசோ 1298இல் இயற்றிய 'முத்து' என்னும் விசுவாச விளக்க நூல், சங்கங்களின் நூல், பிதாக்களின் நூல், சுவிசேஷ விரிவுரை, ரப்பான் ஹோர்மிஸ்தின் சரிதை ஆகியவை அதில் உண்டு. அவற்றோடு சீட்டுப்போட்டுக் குறிபார்க்கும் நூலும், பாரசீக மருத்துவ நூல் ஒன்றும் சேர்க்கப்பட்டன. குறிநூலை எரித்ததற்காக வருந்துவோர் நம்மில் இரார். ஆனால் விசுவாச விளக்கத்தையும் மாந்திரீகத்தையும் ஒரே பட்டியலில் வைத்துவிட்டால், இரண்டும் ஒரே தன்மையன என்று பாமரர் எண்ணிவிடுவர். பட்டியல் இடுவோர் எக்காலத்தும் கையாண்டுவரும் முறை இது.

வேதபுத்தகமே தப்பவில்லை என்பது இறையியல் மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. பண்டைய சுரியானி மொழிபெயர்ப்பாகிய பெஷித்தாவில் பேதுருவின் இரண்டாம் நிருபமும், யோவானின் இரண்டாம் மூன்றாம் நிருபங்களும், யூதா நிருபமும், வெளிப்படுத்தின விசேஷமும் இல்லை. அவற்றை இலத்தீன் வுல்காத்தாவைப் பின்பற்றிச் சேர்க்கும்படி சங்கம் கட்டளையிட்டது. எபிரெயர் 2:9இல் கிறிஸ்து 'தேவ கிருபையால்' மரணத்தை ருசிபார்த்தார் என்பது ஒரு பாடம். 'தேவனையன்றி' என்பது மற்றொரு பாடம். இரண்டாவதை நெஸ்தோரியர் புகுத்திய கள்ளப் பாடம் என்று சங்கம் தள்ளியது. நெஸ்தோரியு பிறப்பதற்கு நூற்றாண்டுக்கு மேலான முன்னரே அப்பாடத்தை ஓரிகன் அறிந்திருந்தார். பாடபேதம் என்று ஆராயப்பட வேண்டியது, குற்றம் என்று தீர்க்கப்பட்டது.

தீர்மானத்தின் செயல்முறையை நோக்குவோம். சுரியானி நூல் வைத்திருப்போர் யாவரும் இரண்டு மாதத்துக்குள் அவற்றை அதிமேற்றிராணியாரிடமோ, வைப்பிக்கோட்டைக் கல்லூரியில் சுரியானி கற்பித்த சேசு சபைக் குரு பிரான்சிஸ்கோ ரோஸிடமோ ஒப்புவிக்க வேண்டும். தவறினால் சபைப் புறம்பாக்கம். திருத்தத்தக்கவை திருத்தப்படும், மற்றவை அழிக்கப்படும். எழுத்துமூலமான உத்தரவின்றி எவரும் இனிச் சுரியானி நூலைப் படியெடுக்கலாகாது. இந்தக் கடைசி விதியே நெருப்பிலும் கொடியது. மலையாள நாட்டில் அன்று சுரியானி அச்சகம் இல்லை. மழையும் செல்லும் நூலைத் தின்னும் அந்நாட்டில், படியெடுக்கும் கையே நூலகம். அக்கையைக் கட்டிவிட்டால், எரியாத நூலும் இரண்டு தலைமுறையில் மறைந்துபோகும்.

சங்கம் கலைந்தபின் மெனேசிஸ் சபைதோறும் சென்றார். சென்ற இடங்களில் நூல்கள் சோதிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. இதை நமக்குச் சொல்பவர் பகைவர் அல்லர். மெனேசிஸின் பணியைப் புகழ்ந்து 1606இல் கோயிம்பிராவில் நூல் வெளியிட்ட அகுஸ்தீன் சபைத் துறவி அந்தோனியோ தெ கோவேயாவே சொல்கிறார்.

தப்பியவை, பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியேறியவை. 1301இல் கொடுங்கல்லூரில் சகரியா என்னும் இளம் உதவிக்குரு எழுதிய வாசக நூல் வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. கண்டனம் பெற்ற 'முத்து' மெசொப்பொத்தாமியாவில் பிழைத்திருந்து, 1838இல் கர்தினால் மாய் என்பவரால் ரோமாபுரியிலேயே அச்சேறியது! மலையாள நாட்டுச் சபை தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த குறிப்புகளுக்கோ வேறு நாட்டில் படிகள் இல்லை. போர்த்துக்கீசியர் வருமுன் இருந்த அச்சபையின் வரலாற்றை எழுத முனைவோர் இன்றும் வெறுங்கையராய் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

1694இல் ஆங்கிலத் திருச்சபையின் மைக்கேல் கெட்டிஸ் இத்தீர்மானங்களை மொழிபெயர்த்து லண்டனில் வெளியிட்டார். அதுமுதல் புரொட்டஸ்டண்டார் நாம் உதயம்பேரூரை ரோமச் சபையின்மேல் எறியும் கல்லாகவே வைத்திருக்கிறோம். எறியுமுன் தரங்கம்பாடியைச் சற்று நினைத்தல் நலம்.

1706இல் அங்கு வந்த சீகன்பால்கு, கத்தோலிக்கர் இயற்றிய தமிழ் நூல்கள் கைக்கு வந்தபோது, ரோம மார்க்கப் பிழைகள் எனத் தாம் கருதியவற்றை நீக்கித் திருத்திப் பயன்படுத்தினார். ரோஸ் சுரியானியில் செய்த வேலையே இது. ஒப்புவிக்கக் கட்டாயமும் எரிக்கும் நெருப்பும் மட்டும் இல்லை. இந்த வேறுபாடு சிறிதன்று. எனினும், திருத்தியவர் தாமே வேறொருவர் கையில் தடைபட்டார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த வம்சாவளி நூல் ஜெர்மனியில் ஹாலே நகருக்குச் சென்றது. புறமதத்தை ஒழிக்கவே மிஷனரிகள் அனுப்பப்பட்டனர், அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்ற கருத்துப்பட பிராங்கே விடையளித்ததாக மிஷன் வரலாற்று நூல்கள் கூறும். 1791இல் ஆசிரியர் பெயரின்றி பெர்லினில் ஒரு வடிவம் வெளிவந்ததேயன்றி, சீகன்பால்குவின் பெயரால் அந்நூல் அச்சேறியது 1867இல். அதுவும் சென்னையில், கெர்மான் என்னும் ஜெர்மானியரின் முயற்சியால். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அவர் 1708இல் ஜெர்மானியத்தில் பெயர்த்தது 1930 வரை காத்திருந்தது.

ஹாலேயார் எதையும் எரிக்கவில்லை. காப்பகத்தில் வைத்துப் பூட்டினர். பூட்டைப் பின்வந்தோர் திறக்க முடிந்தது. அதனாலேதான் 1708இல் சீகன்பால்கு தொகுத்த தமிழ் நூற்பட்டியலும் நம் கைக்கு எட்டியது. இந்து சமயத்தார் நூல்கள் என்று அவர் அதில் குறித்தவை மட்டும் 119. நூலின் பெயரும் பொருளும், அதைப் பற்றிய தம் கருத்தும் அதில் எழுதியிருக்கிறார். அங்கமாலியிலிருந்து அத்தகைய பட்டியல் ஒன்றும் நமக்கு வரவில்லை. தீர்ப்பெழுதியவர்கள் கண்டித்து இட்ட பட்டியலே அந்நூல்கள் பலவற்றுக்கு எஞ்சிய ஒரே சாட்சி.