குடித்தொகைப் பரம்பலும் வரலாறும் – இலங்கையின் வரண்ட வலயம் பற்றிய ஒரு நோக்கு

உலகப் படமொன்றில் மக்கள் வாழும் இடங்களைப் புள்ளிகளாற் குறித்து நோக்கின், சில பகுதிகள் கருமை படர்ந்தும் சில பகுதிகள் வெறுமையாயும் தோன்றும். 2022ஆம் ஆண்டில் உலகக் குடித்தொகை 800 கோடியை எட்டியது. எனினும் எகிப்திய மக்களுள் மிகப் பெரும்பாலானோர் நைல் நதியின் பள்ளத்தாக்கிலும் கழிமுகத்திலுமே நெருங்கி வாழ்கின்றனர். இந்தோனேசியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 வீதமேயான யாவாத் தீவில் அந்நாட்டு மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் உள்ளனர். மங்கோலியாவிலோ ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ இருவரே வாழ்கின்றனர்.

இவ்வேறுபாட்டிற்குக் காலநிலை, தரைத்தோற்றம், மண்வளம், நீர்வளம் என்பவற்றைக் காரணமாகக் கூறுதல் வழக்கம். இவை மறுக்கற்பாலன அல்ல. ஆயினும் ஓரிடத்தின் மழையும் மண்ணும் பெரிதும் மாறாதிருக்க, அங்கு வாழும் மக்களின் தொகை மட்டும் பெருகியும் அருகியும் வருமாயின் அதற்கு இயற்கையை மாத்திரம் எங்ஙனம் காரணமாகக் கூறமுடியும்? இவ்வினாவினை ஆராய்வதற்கு எமது நாட்டின் வரண்ட வலயம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இலங்கையின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்களவு வரண்ட வலயமாகும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கு மழை பெய்கின்றது. ஏனைய மாதங்கள் பெரும்பாலும் வறட்சியானவை. தென்மேற்கிலுள்ள ஈர வலயமோ ஆண்டு முழுவதும் மழை பெறுவது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, கொழும்பு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 3,438 பேர் வாழ்ந்தனர். முல்லைத்தீவு மாவட்டத்தில் 38 பேரே வாழ்ந்தனர். இவ்விரு எண்களை மட்டும் நோக்குவோர், மழை மிகுந்த இடத்தில் மக்கள் மிகுந்தனர் என எளிதில் முடிவு செய்வர். வரலாறு அம்முடிவை ஏற்பதாயில்லை.

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டு வரை இந்நாட்டின் பெருநகரங்களும் நெல்வயல்களும் வரண்ட வலயத்திலேயே அமைந்திருந்தன. அக்காலத்தில் ஈர வலயத்தின் பெரும்பகுதி அடர்ந்த காடாகவிருந்தது. மகாசேனன் காலத்து மின்னேரியாக் குளம், 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் அமைத்த கலாவெவ, 12ஆம் நூற்றாண்டின் பராக்கிரம சமுத்திரம் ஆகியவை சில மாத மழையை ஆண்டு முழுவதற்கும் சேமித்து வைத்தன. மழை குறைந்த நிலமே அன்று நாட்டின் நெற்களஞ்சியமாக விளங்கியது.

பின்னர் அந்நிலம் வெறுமையானது எங்ஙனம்? 993ஆம் ஆண்டளவிற் சோழப் படையெடுப்பினால் அநுராதபுரம் வீழ்ந்தபோதும், பொலன்னறுவையைத் தலைநகராகக் கொண்டு அந்நாகரிகம் மீண்டும் தழைத்தது. 1215ஆம் ஆண்டில் மாகன் படையெடுத்த பின்னரோ அவ்வாறு மீளவில்லை. தலைநகர் தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல், கம்பளை, கோட்டே எனத் தென்மேற்கு நோக்கி நகர்ந்தது, மக்களும் நகர்ந்தனர். 1971ஆம் ஆண்டில் கா. இந்திரபாலாவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த ஆங்கிலத் தொகுப்பு இவ்வினாவையே பொருளாகக் கொண்டது. படையெடுப்பு, பெருங்குளங்களைப் பராமரித்த நிருவாக வகுப்பினரின் அழிவு, மலேரியா எனப் பல காரணங்கள் அறிஞராற் கூறப்பட்டுள்ளன.

இவற்றுள் மலேரியா பற்றிய கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. உடைந்த குளங்களிலும் வற்றிய ஆறுகளின் குட்டைகளிலும் நுளம்பு பெருகும். ஆகவே நோய் மக்களை அகற்றியது என்பதிலும், மக்கள் அகன்றபின் நோய் அந்நிலத்தைப் பற்றிக்கொண்டது என்பது கூடுதலாகப் பொருந்தும். விளைவாகத் தோன்றியது காலப்போக்கிற் காரணமாகி, மீண்டும் குடியேற முயன்றோரைத் தடுத்தது. 1946ஆம் ஆண்டில் டி.டி.டி. தெளிக்கும் இயக்கம் விரிவாகத் தொடங்கியதன் பின்னரே அத்தடை பெரிதும் தளர்ந்தது.

வரண்ட வலயத்தின் வடகோடியிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாடு மற்றொரு சான்றாகும். அங்கு பேராறு எதுவுமில்லை, பெருங்குளங்களும் இல்லை. ஆயினும் 2012ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 600 பேருக்கு மேல் வாழ்ந்தனர். சுண்ணாம்புக்கற் பாறைகளிடையே தங்கும் மழைநீரைக் கிணறு வெட்டிப் பெற்றும், துலா மிதித்துப் பட்டையால் இறைத்தும், குழையும் எருவும் இட்டும் அம்மக்கள் அந்நிலத்தை வளப்படுத்தினர். அவர்களது புகையிலைக்குத் திருவிதாங்கூரிற் சந்தை இருந்தது. குடாநாட்டை அடுத்துள்ள வன்னியும் ஏறத்தாழ அதே அளவு மழை பெறுவதே. எனினும் அங்கு குளங்கள் தூர்ந்து காடு மூடியது. முல்லைத்தீவின் 38 என்னும் எண்ணிற் போரின் வடு உண்டென்பது உண்மையே. ஆனால் போருக்கு முன்னரும் வன்னி மக்கள் அருகிய நிலமாகவே இருந்தது.

மலையகத்தின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெரும்பாலும் காடாயிருந்த உயர்நிலத்தை மூலதனமும் அரசாணையும் மக்கள் நெருங்கிய நிலமாக்கின. தென்னிந்தியத் தொழிலாளர் மன்னாரில் இறங்கி மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்தனர். வழியில் மாண்டோர் பலர். அவர்களது உழைப்பிற் கோப்பியும் அதன்பின் தேயிலையும் செழித்தன. ஆயினும் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மக்கட் பரம்பலை ஒரு கையொப்பமும் மாற்றவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வரண்ட வலயக் குடியேற்றத் திட்டங்களையும் இந்நோக்கிலேயே ஆராய்தல் வேண்டும். 1949ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் மகாவலித் திட்டம் துரிதப்படுத்தப்பட்டது. நிலமற்ற விவசாயிகள் பலருக்கு இவை நிலம் வழங்கின என்பது மெய்யே. ஆனால் எவரை எங்கு குடியேற்றுவது என்பது வெறும் நீர்ப்பாசன வினாவாக இருக்கவில்லை. கிழக்கு மாகாணத்தின் இன விகிதாசாரம் மாறியது. அரசியற் பிணக்கு வளர்ந்தது. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்திற் குடியேற்றம் முக்கிய விடயமாக இடம்பெற்றமை இதனாலேயாகும்.

1981ஆம் ஆண்டிலும் 2012ஆம் ஆண்டிலும் எடுக்கப்பட்ட மதிப்பீடுகளை ஒப்பிடுவோமாயின், நாட்டின் குடித்தொகை ஏறத்தாழ 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சமாக உயர்ந்தது. வட மாகாணத்திலோ ஏறத்தாழ 11 இலட்சமாயிருந்தது 10.6 இலட்சமாகக் குறைந்தது. போரில் மாண்டோரும், புலம்பெயர்ந்தோரும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அவ்வீழ்ச்சியினுள் அடங்குவர். இக்காலத்தில் மழை குறைந்ததாலோ மண் கெட்டதாலோ ஏற்பட்ட குறைவன்று இது.

இயற்கைக்கு இதிற் பங்கில்லை என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அளவின்றி இறைத்தாற் குடாநாட்டுக் கிணறுகளும் உவர்நீராகும். இயற்கை வகுக்கும் எல்லைக்குள், எங்கு எத்தனை பேர் வாழ்வர் என்பதை அணையும், ஆட்சியும், நோயும், சந்தையும், சட்டமும், போருமே தீர்மானித்து வந்துள்ளன. ஆதலின் படத்தில் வெறுமையாய்த் தோன்றும் நிலத்தை ஆளற்ற நிலமெனக் கருதி எவரும் திட்டம் தீட்டுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் நன்று. அங்கு முன்னர் வாழ்ந்தோர் யார்? அவர்கள் ஏன் அகன்றனர்? இனி அங்கு வாழ்வோரைத் தீர்மானிப்பவர் யார்? இவ்வினாக்களை எழுப்புவது வரலாற்று மாணவர்க்குரிய கடமையாகும்.