சைக்கிளில் 4 ஸ்ட்ரோக் இன்ஜின் மாட்டி ஓட்டலாமா? 25 சிசி-யில் நிற்கும் சட்டம்.. செய்முறை முதல் சிக்கல் வரை முழு விளக்கம்!

சேலம் அம்மாபேட்டை பக்கம் காலையில் போய் நின்றால் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு காட்சியைப் பார்க்கலாம். நூல் மூட்டையோ, பாவோ, கேரியரில் கட்டிக்கொண்டு போகும் வண்டிகள். ஒரு காலத்தில் அது சைக்கிள். இப்போது பெரும்பாலும் மொபெட். எந்தக் கம்பெனி மொபெட்டாக இருந்தாலும் நம்ம ஊரில் அதன் பெயர் ‘டிவிஎஸ் 50’ தான், அது வேற விஷயம்.

வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய 28 இன்ச் சைக்கிளைப் பார்க்கும்போது, குறிப்பாக பாலிடெக்னிக் படிக்கும் பசங்களுக்கு ஒரு ஆசை வரும். ‘இதுல ஒரு சின்ன இன்ஜினை மாட்டினா என்ன?’ ரீல்ஸில் பார்க்க ரொம்ப ஈஸியாகத் தெரிகிறது. நிஜத்தில் எப்படிச் செய்கிறார்கள், எங்கே ஆபத்து, ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிப்பார்களா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யோசனை புதுசா?

இல்லவே இல்லை. 1946-ல் ஜப்பானின் ஹமமட்சுவில் சோய்சிரோ ஹோண்டா செய்ததே இதுதான். போர் முடிந்து பெட்ரோலுக்கும் பேருந்துக்கும் தட்டுப்பாடு. ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தரும் சின்ன ஜெனரேட்டர் இன்ஜின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அதை எடுத்து சைக்கிளில் மாட்டினார். முதல் மாதிரியில் பெட்ரோல் டேங்காக அவர் வைத்தது வீட்டில் இருந்த வெந்நீர் ஒத்தடப் பாத்திரம். ஓட்டிப் பார்த்துச் சொன்னவர் அவருடைய மனைவி. இன்றைய ஹோண்டா நிறுவனத்தின் ஆரம்பம் அந்த சைக்கிள் தான்.

ஆனால் அது 2 ஸ்ட்ரோக். சைக்கிளுக்கான 4 ஸ்ட்ரோக் இன்ஜினில் பேர் வாங்கியது இத்தாலியின் ‘குச்சியோலோ’. 48 சிசி. 1946-ல் டுகாட்டி இதைத் தயாரிக்க ஆரம்பித்தது. ஆமாம், இன்று லட்சக்கணக்கில் விலை வைத்து பைக் விற்கும் அதே டுகாட்டி. குச்சியோலோ என்றால் நாய்க்குட்டி. சைலன்சர் சத்தம் அப்படிக் குரைத்ததாம்.

நம்ம பக்கம் 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. பெடலும் உண்டு, இன்ஜினும் உண்டு, ரெண்டு பேர் உட்காரலாம். அதன் வாரிசான எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி 2 ஸ்ட்ரோக்காகவே ஓடியது. 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 தான் 99.7 சிசி 4 ஸ்ட்ரோக்குக்கு மாறியது.

2 ஸ்ட்ரோக்கா, 4 ஸ்ட்ரோக்கா?

2 ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயிலும் சேர்ந்து எரிவதால் தான் வெள்ளைப் புகை. 4 ஸ்ட்ரோக்கில் ஆயில் தனி, பெட்ரோல் தனி. புகை குறைவு, சத்தம் குறைவு, மைலேஜ் கூடுதல். எடை மட்டும் கொஞ்சம் ஏறும்.

சைக்கிள் அளவுக்குப் பொருந்தும் 4 ஸ்ட்ரோக் இன்ஜின் எங்கே கிடைக்கும் என்றால், விவசாயக் கருவிக் கடையில். தோட்டத்தில் புல் வெட்ட தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்களே, அந்த பிரஷ் கட்டர் இன்ஜின் தான் இது. ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 35 இதில் பிரபலம். 35.8 சிசி, எடை சுமார் மூன்றரை கிலோ, 7,000 சுற்றில் சுமார் 1.3 குதிரைத்திறன். அதன் தம்பி ஜிஎக்ஸ் 25, 25 சிசி, சுமார் 1 குதிரைத்திறன். எப்படிச் சாய்த்தாலும் ஆயில் போய்ச் சேரும்படி வடிவமைத்தவை இவை. ஆனா ஆயில் கொள்ளளவு 100 மில்லி, 80 மில்லி அளவுதான். ஒரு டீ டம்ளர் கூட இல்லை! அதனால் அளவு குறையாமல் பார்ப்பதும், நேரத்துக்கு மாற்றுவதும் முக்கியம். வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோகும் முதல் விஷயம் இதுதான்.

1 குதிரைத்திறன் போதுமா?

சமதளத்துக்குப் போதும். ஆள், சைக்கிள், இன்ஜின் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்க சுமார் 300 வாட் தான் தேவை. ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். சேலம், நாமக்கல் சமவெளியில் தாராளமாக ஓடும். ஆனா 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் மேடு வந்தால் அதே வேகத்துக்கு 700 வாட் வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் ஏறலாம் என்று கனவு காண வேண்டாம். பாதியில் இன்ஜின் திணறும், கிளட்ச் வழுக்கிச் சூடாகும், மீதியை நீங்கள் தான் மிதிக்க வேண்டும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம்: பல் கணக்கு

இன்ஜினைச் சட்டத்தில் உட்கார வைப்பது கஷ்டமே இல்லை. கிளாம்ப் செய்து நடு முக்கோணத்திலோ பின் கேரியரிலோ வைத்துவிடலாம். கஷ்டம், அதன் வேகத்தைச் சக்கரத்துக்கு ஏற்ற மாதிரி குறைப்பதில் இருக்கிறது.

கணக்கு இதுதான். 28 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் போகும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 500 மீட்டர், அதாவது சக்கரம் 227 சுற்று சுற்ற வேண்டும். இன்ஜின் சுகமாக ஓடுவது 5,500 சுற்றில். 5,500-ஐ 227-ஆல் வகுத்தால் 24. ஆக, இன்ஜின் 24 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

பலர் இன்ஜினில் 9 பல் ஸ்ப்ராக்கெட், சக்கரத்தில் 44 பல் ஸ்ப்ராக்கெட் என்று நேரடியாக செயின் போட்டுவிடுகிறார்கள். இது வெறும் 4.9 மடங்கு தான். காகிதத்தில் மணிக்கு 148 கிலோமீட்டர் வரும்! நிஜத்தில் வண்டி இடத்தை விட்டே நகராது. சைக்கிளை இழுக்கும் பலம் இல்லாமல் கிளட்ச் மட்டும் கருகும். அதனால் இன்ஜினுக்கும் செயினுக்கும் நடுவில் 5-க்கு 1 குறைக்கும் ஒரு பெல்ட் அல்லது கியர் பெட்டி அவசியம். 5-ஐ 4.9-ஆல் பெருக்கினால் 24.5. கணக்கு சரியாகிவிட்டது. வெளிநாட்டு 4 ஸ்ட்ரோக் கிட்களில் அந்தப் பெட்டியும் சேர்ந்தே வருகிறது. இங்கே லேத் பட்டறையில் கடைந்து எடுக்க வேண்டியிருக்கும்.

பெட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி, உருளை. கிளட்ச் தண்டில் 32 மில்லிமீட்டர் உருளையை மாட்டி பின் டயரில் அழுத்திவிடுவது. ஒரு சுற்றுக்கு 10 சென்டிமீட்டர், 5,500 சுற்றுக்கு நேராக மணிக்கு 33 கிலோமீட்டர். செய்வது எளிது. ஆனால் மழை வந்தால் வழுக்கும், டயரைத் தின்றுவிடும்.

கிளட்ச் பற்றிக் கவலை வேண்டாம். பிரஷ் கட்டரில் வருவதே தானியங்கி கிளட்ச் தான். இன்ஜின் வேகம் கூடினால் உள்ளே இருக்கும் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், குறைந்தால் விட்டுவிடும். சிக்னலில் நின்றாலும் ஆஃப் ஆகாது.

வலது பக்கம் பெடல் செயின், இடது பக்கம் இன்ஜின் செயின். இடது ஸ்ப்ராக்கெட்டை ஸ்போக் கம்பிகளில் ரப்பர் வைத்து போல்ட் போடுவது மலிவான முறை. நாளடைவில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து வரும். ஹப்பிலேயே அடாப்டர் செய்து மாட்டுவது தான் நல்லது. செயினை இறுக்க வைக்கும் டென்ஷனர் உருளையை ஒற்றை கிளாம்பில் நிறுத்தவே கூடாது. அது அதிர்வில் திரும்பி ஸ்போக்குக்குள் போனால் ஓடும்போதே பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இந்த வண்டிகளில் ஆள் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நட்டுகள் எல்லாம் நைலான் வைத்த லாக் நட்டாக இருக்கட்டும். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் எதையும் உதறிக் கழற்றிவிடும்.

பிரேக்: இதைத் தான் முதலில் செய்ய வேண்டும்

என்னைக் கேட்டால் இன்ஜின் வாங்குவதற்கு முன் பிரேக்கை மாற்றுங்கள் என்பேன். பழைய சைக்கிளில் இருக்கும் கம்பி பிரேக், மிதிக்கும் வேகத்துக்காகச் செய்தது. வேகம் 15-லிருந்து 30 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. சுமாரான பிரேக்கில் மணிக்கு 15 கிலோமீட்டரில் மூன்றரை மீட்டரில் நிற்கும் வண்டி, 30-ல் 14 மீட்டர் போய்த்தான் நிற்கும். தெருமுனையில் குழந்தை குறுக்கே வந்தால் 14 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். மழையில் ஸ்டீல் ரிம் என்றால் இதுவும் கிடையாது. முன்னால் டிஸ்க் அல்லது டிரம், நல்ல ஃபோர்க், புது டயர். இதற்குக் காசு இல்லை என்றால் இன்ஜினைத் தள்ளிப் போடுவதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே தான் விஷயமே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28), ‘மோட்டார் வாகனம்’ என்றால் என்ன என்று சொல்லிவிட்டு ஒரு விலக்கு தருகிறது. நான்குக்கும் குறைவான சக்கரமும், 25 சிசி-க்கு மிகாத இன்ஜினும் உள்ள வண்டி மோட்டார் வாகனமே இல்லை. அதாவது அந்தச் சட்டப்படி ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் கேட்கப்படாது.

25.1 சிசி ஆனாலும் அது மோட்டார் வாகனம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 31, 35, 43, 52 சிசி பிரஷ் கட்டர் இன்ஜின் எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கம். 25 சிசி மாடலே கூட கோட்டின் மேல் தான் நிற்கிறது. சிலிண்டர் விட்டம் 35 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 26 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 25.01 வருகிறது! கேட்டலாக்கில் 25 என்றே இருக்கிறது. தேய்ந்ததும் ‘போர்’ செய்து பெரிதாக்கினால் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள்.

தாண்டினால்? பதிவு இல்லாமல் ஓட்டியதற்குப் பிரிவு 192-ல் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டியது 18 வயது நிரம்பாத பையன் என்றால் பிரிவு 199ஏ-படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

சரி, ஆர்டிஓ ஆபீஸில் பதிவு செய்துவிடலாமே? புது மாடல் வண்டிக்கு ஏஆர்ஏஐ, ஐகேட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தின் ஒப்புதலும், 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 புகை அளவும் வேண்டும். வீட்டில் செய்த ஒற்றை வண்டிக்கு இது நடைமுறையில் நடக்காத காரியம்.

25 சிசி-க்குள் இருந்தாலும் முழு விடுதலை இல்லை. தாறுமாறாக ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281 எந்த வண்டிக்கும் பொருந்தும். ஒருவர் மீது மோதி அவருக்குக் கால் போனால், பணம் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி வராது. இழப்பீடு உங்கள் வீட்டிலிருந்து தான் போக வேண்டும். நெசவுக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

ரோட்டில் சட்டச் சிக்கல் இல்லாமல் ஓட வேண்டும் என்பது தான் நோக்கம் என்றால் பேட்டரி வழி இன்னும் தெளிவானது. 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்ற வரம்புக்குள் அங்கீகாரம் பெற்ற மின்சார சைக்கிளுக்குப் பதிவு தேவையில்லை.

இல்லை, எனக்கு இன்ஜின் தான் வேணும், கத்துக்கணும் என்பவர்கள், காலேஜ் மைதானம், தோட்டம், சொந்த இடம் என்று வேலி போட்ட இடத்தில் ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் 10 நிமிஷம் ஓட்டி நிறுத்தி, எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துத் திரும்ப ஒரு முறை இறுக்குங்கள். எத்தனை தளர்ந்திருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்வீர்கள்.