தாழ்மையும் சாந்தமும் இறைப்பண்புகள்: ஒரு பண்டைய நிருபத்தின் சான்று

மனத்தாழ்மையும் சாந்தமும் விசுவாசிகளிடம் விளங்க வேண்டிய நற்பண்புகள் என்று நாம் இடைவிடாது போதிக்கிறோம். ஆயின் அவற்றைக் கடவுளின் பண்புகள் எனக் கூறத் தயங்குகிறோம். இறைப்பண்புகளை வகுத்துரைக்கும்போது வல்லமை, ஞானம், பரிசுத்தம், நீதி ஆகியவற்றை எண்ணுகிறோம். தாழ்மை அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. ஆண்டவரோ தம் உள்ளத்தின் இயல்பைத் தாமே எடுத்துரைத்தபோது இவ்விரண்டையுமே குறிப்பிட்டார் (மத்தேயு 11:29). அவர் பிதாவை வெளிப்படுத்துபவர் எனில், இவை அவர் சிறிது காலம் பூண்ட கோலம் ஆகா. கடவுளின் இயல்பே ஆகும். இவ்வுண்மையைத் தொடக்கத் திருச்சபை எவ்வாறு உணர்ந்தது, பின்னர் எவ்வாறு அதனின்று வழுவியது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரேக்க உரோம உலகம் சாந்தத்தை அறியாததன்று. அரிஸ்டாட்டில் அதனை நற்பண்புகளுள் ஒன்றாக வைத்தார். செனெக்கா, பேரரசன் நீரோவுக்காக அரசர்க்குரிய இரக்கத்தைப் பற்றி ஒரு நூலே இயற்றினார். தாழ்மையின் நிலையோ வேறு. 'தபெய்னோஸ்' என்னும் கிரேக்கச் சொல் அக்கால வழக்கில் பெரும்பாலும் இழிந்த நிலையையும் அடிமைத்தனமான மனப்போக்கையும் சுட்டியது. இத்தகைய உலகில்தான், உரோமக் குடியேற்ற நகரமாகிய பிலிப்பியில் இருந்த சபைக்குப் பவுல், கடவுளின் தன்மையுடையவர் அடிமையின் நிலையை ஏற்றார் என்று எழுதினார் (பிலிப்பியர் 2:5-11).

இப்போதனை புறச்சமயத்தாரை எவ்வளவு இடறச் செய்தது என்பதற்கு, ஏறத்தாழ 178இல் கிறிஸ்தவத்தை மறுத்து நூல் எழுதிய கெல்சுஸ் சான்று. நிறைவுள்ள கடவுள் கீழிறங்கி வருவாராயின் மேலான நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு மாறியவராவார். அது கடவுளுக்குத் தகாது என்பது அவர் வாதம். ஏறத்தாழ 248இல் அவருக்கு மறுப்பெழுதிய ஓரிகன், கடவுள் தம் இயல்பில் மாறாதவராகவே இருந்து, மனிதர்பால் கொண்ட பராமரிப்பினால் இறங்கி வருகிறார் என்று விடையளித்தார்.

தியொக்னேத்து என்பாருக்கு எழுதப்பட்ட நிருபம் இவ்விடத்தில் நம் கவனத்திற்குரியது. ஆசிரியர் பெயர் தெரியாத இக்கிரேக்க நூலை அறிஞர் பலர் இரண்டாம் நூற்றாண்டினது எனக் கருதுவர். அதன் ஏழாம் அதிகாரம் ஒரு வினாவை எழுப்புகிறது: அனைத்தையும் படைத்தவர் தம் வார்த்தையானவரை உலகிற்கு அனுப்பியபோது எவ்வாறு அனுப்பினார்? கொடுங்கோலரைப்போல் அச்சுறுத்தி அடக்கி ஆளும்படியன்று. அரசர் ஒருவர் அரசராகிய தம் மகனை அனுப்புவதுபோல, சாந்தத்தோடு, கடவுளாகவே, மனிதரிடம் மனிதராக அனுப்பினார் என்கிறார் ஆசிரியர். மக்களை வற்புறுத்தாமல் இணங்க வைத்து மீட்கவே அவர் வந்தார் என்பதற்கு ஆசிரியர் காட்டும் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வன்முறை அவ்வேளைக்குப் பயன்படாது என்று அவர் கூறவில்லை. அது கடவுளின் இயல்புக்கே ஒவ்வாதது என்கிறார். கடவுளின் செயல்முறையிலிருந்து அவருடைய இயல்பையே அவர் அறிந்துகொள்கிறார். இச்சாந்தம் வலுவின்மையன்று. அனுப்பப்பட்டவர் நியாயந்தீர்க்க மீண்டும் வருவார் என்பதையும் அதே அதிகாரம் மறவாமல் உரைக்கிறது. விசுவாசத்தை மறுதலிக்குமாறு கொடிய விலங்குகளுக்கு எறியப்பட்டோரையும் அது நினைவூட்டுகிறது. எனவே இது துன்பமறியாதவரின் மென்மொழி அன்று.

கடவுளைக் குறித்த இக்கொள்கை மனித வாழ்வில் கொள்ளும் உருவத்தைப் பத்தாம் அதிகாரம் காட்டுகிறது. அயலார்மேல் ஆதிக்கம் செலுத்துவதாலோ, செல்வம் சேர்ப்பதாலோ, எளியோரை நெருக்குவதாலோ ஒருவர் கடவுளைப் பின்பற்ற இயலாது. அவை கடவுளின் மாட்சிக்கே புறம்பானவை. அயலாரின் சுமையைத் தாங்குபவரே கடவுளைப் பின்பற்றுபவர்.

நான்காம் நூற்றாண்டில் திருச்சபையின் நிலை மாறியது. 312இல் கான்ஸ்டன்டைன் வெற்றி பெற்றபின் அரசின் ஆதரவு கிட்டிற்று. 380இல் தியொடோசியுஸ் பிறப்பித்த ஆணை நிசேய விசுவாசத்தைப் பேரரசின் சமயமாக்கியது. இம்மாற்றத்தின் ஆபத்தை அகுஸ்தீனிடமே காண்கிறோம். பிளேட்டோனியரின் நூல்களில் தெய்வீக வார்த்தையானவரைக் கண்டதாகவும், அவர் தம்மைத் தாழ்த்தியதை அங்குக் காணவில்லை என்றும் தம் 'அறிக்கைகள்' நூலின் ஏழாம் பகுதியில் எழுதியவர் அவர். கடவுளின் தாழ்மையை அவரினும் ஆழமாக உணர்ந்தோர் சிலரே. எனினும் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியரோடு ஏற்பட்ட பிளவில், தொடக்கத்தில் வற்புறுத்தலை எதிர்த்த அவர், ஏறத்தாழ 408இல் வின்சென்சியுவுக்கு எழுதிய கடிதத்தில் தம் கருத்து மாறியதை ஒப்புக்கொண்டு, அரச ஆணைகளின் நிர்ப்பந்தத்தை ஆதரித்தார். விருந்துக்கு ஆட்களை வருந்தி அழைக்கச் சொன்ன உவமையை (லூக்கா 14:23) அதற்கு ஆதாரமாக்கினார். மரண தண்டனையை அவர் விரும்பவில்லை என்பதையும் நேர்மையுடன் கூற வேண்டும். ஆயினும் அவர் திறந்த வாயிலின் வழியே பின்வந்தோர் அவர் நினையாத தூரம் சென்றனர்.

சீர்திருத்தத் திருச்சபைகளும் இப்பழியினின்று நீங்கியவை அல்ல. 1553இல் ஜெனீவாவில் செர்வேத்து உயிரோடு எரிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே கஸ்தெல்லியோ அதனைக் கண்டித்து எழுதினார். 1686இல் பியேர் பேயில், லூக்கா நற்செய்தியின் அதே சொற்களை நிர்ப்பந்தத்திற்குச் சான்றாகக் கொள்வதை மறுத்து ஒரு நூலே வெளியிட்டார்.

இந்நிருபத்தின் வரலாறும் சிந்தனைக்குரியது. 1436 அளவில் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு மீன் கடையில், பொதி கட்டும் தாள்களிடையே இதன் ஏடு கண்டெடுக்கப்பட்டதாகக் கூறுவர். 1592இல் ஹென்றி எஸ்தியேன் அதனை முதன்முதல் அச்சிட்டார். அந்த ஒரே பழைய ஏடு 1870 ஆகஸ்டு 24 அன்று, ஸ்ட்ராஸ்பர்க் நகர நூலகம் பீரங்கித் தாக்குதலில் எரிந்தபோது அழிந்தது. கடவுளிடம் வன்முறைக்கு இடமில்லை என்று சொன்ன நூல், கிறிஸ்தவ நாடுகள் இரண்டின் போரில் சாம்பலாயிற்று. முன்னரே எடுக்கப்பட்ட படிகளால்தான் அதன் செய்தி நமக்குக் கிடைத்துள்ளது.

தாழ்மையை மக்களுக்கும் அதிகாரத்தைக் கடவுளுக்கும் பங்கிட்டு வைக்கும் இறையியல், நாளடைவில் அவ்வதிகாரத்தைக் கடவுளின் ஊழியருக்கும் உரியதாக்கிவிடும். வரலாறு காட்டும் எச்சரிக்கை இதுவே. பிரசங்க பீடத்தில் நாம் போதிக்கும் தாழ்மை, சபை நிர்வாகத்திலும் ஒழுங்கு நடவடிக்கையிலும் காணப்படாவிடின், நாம் அறிவிப்பது நற்செய்தியின் கடவுளை அன்று. எனவே, நம் ஊழியத்தில் மக்கள் காணும் கடவுள் யார் என்று குருத்துவப் பணியில் உள்ளோரும் அதற்கென ஆயத்தமாவோரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வது கடமையாகும்.