நாய் காப்பவரின் கூலி: 100 தாம் முதல் இரவுக் கட்டணம் வரை

வீட்டார் வெளியூர் செல்லும் நாள்களில், நாயுடன் அவ்வீட்டிலேயே தங்கி அதைக் கவனித்துக்கொள்ளும் ‘பெட் சிட்டர்’ என்னும் தொழில் பெங்களூரு, மும்பை, தில்லி முதலிய பெருநகரங்களில் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. அதற்கான கட்டணத்தைக் கேட்டவுடன் எழும் முணுமுணுப்பும் உடன் பரவியுள்ளது: “நாயைப் பார்த்துக்கொள்வதற்கா இவ்வளவு?” தொழிலின் பெயர் புதிது; தொழில் புதிதன்று. இந்திய வரலாற்றில் நாய்க்கென்றே ஆள் அமர்த்தி, அவருக்குக் கூலி வகுத்துக் கணக்கெழுதிய ஆவணம் 400 ஆண்டுகளுக்கு முன்பே கிடைக்கிறது. அந்தக் கூலி எவ்வாறு கணிக்கப்பட்டது, அதில் எவை சேர்க்கப்பட்டன, எவை விடுபட்டன என்று பார்த்தால், இன்றைய முணுமுணுப்பின் வேரும் தெரியவரும்.

அக்பரின் ஆட்சிமுறையை விரித்துரைக்கும் ‘ஆயினே அக்பரி’யை அபுல் ஃபசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி முடித்தார். யானைத் தொழுவம் முதல் சமையற்கூடம் வரை ஒவ்வொன்றின் செலவையும் அந்நூல் பட்டியலிடுகிறது. வேட்டை பற்றிய பகுதியில் நாய்களுக்கும் இடமுண்டு. காபூல் பகுதியிலிருந்து, குறிப்பாக ஹசாரா நாட்டிலிருந்து நல்ல நாய்கள் வந்தன என்றும், அவற்றுக்கு அணிகலன் பூட்டிப் பெயரும் சூட்டினர் என்றும் அது கூறுகிறது. அரசருக்குரிய நாய்களுக்கு நாளொன்றுக்கு 2 சேர் இறைச்சி. மற்றவற்றுக்கு ஒன்றரைச் சேர். தாசி எனப்படும் வேட்டைநாய்கள் இரண்டுக்கு ஒரு காவலர். அவருக்கு மாதச் சம்பளம் 100 தாம்.

40 தாம் கொண்டது ஒரு ரூபாய். ஆகவே நாய்க்காவலரின் சம்பளம் இரண்டரை ரூபாய். அதே நூலின்படி, மதம் கொண்ட யானையின் கழுத்தில் அமரும் பாகனுக்கு மாதம் 200 தாம். யானையின் பின்புறம் அமரும் உதவியாளுக்கு 110 தாம். கட்டட வேலையில் முதல்தரத் தச்சனுக்கு நாளொன்றுக்கு 7 தாம், முதல்தரத் தண்ணீர் சுமப்பவனுக்கு 3 தாம். நாய்க்காவலரின் சம்பளத்தை 30 நாளுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு மூன்றேகால் தாமுக்குச் சற்று மேல். தண்ணீர் சுமப்பவனைவிட ஒரு பிடி கூடுதல். தச்சனின் வருவாயில் பாதிக்கும் குறைவு. கோதுமை ஒரு மணு 12 தாமுக்கு விற்ற காலம் அது. அக்பர் கால மணு இன்றைய அளவில் சுமார் 25 கிலோ. 100 தாமுக்கு ஏறத்தாழ 200 கிலோ கோதுமை வாங்கலாம். பட்டினிக் கூலி என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆயினும் அதே நூலின் விலைப்பட்டியலை அருகில் வைத்துப் பார்த்தால் வேறொரு கணக்கு புலப்படும். செம்மறியாட்டு இறைச்சி ஒரு மணு 65 தாம். வெள்ளாட்டு இறைச்சி 54 தாம். ஒரு மணு என்பது 40 சேர். நாய்களுக்கு அளித்தது ஆட்டிறைச்சி என்று கொண்டால், நாளைக்கு 2 சேர் தின்னும் அரச நாய் ஒன்றுக்கு மாதம் 60 சேர், அதாவது ஒன்றரை மணு வேண்டும். செம்மறி விலையில் அது தொண்ணூற்றேழரைத் தாம். ஒரு நாயின் இறைச்சிச் செலவும் ஒரு மனிதரின் முழுச் சம்பளமும் ஏறக்குறைய சமம். ஒன்றரைச் சேர் பெறும் நாய்களுக்கு, மலிவான வெள்ளாட்டு விலையிலேயே கணக்கிட்டாலும், இரு நாய்களின் இறைச்சிக்கு மாதம் 120 தாமுக்கு மேல் ஆகும். அவ்விரண்டையும் காத்தவர் பெற்றது 100 தாம். நாய் வளர்ப்பில் மிகப் பெரிய செலவு நாயின் உணவு. அதைக் காக்கும் கை அதனினும் மலிவு. இந்த விகிதம் இந்திய மனத்தில் நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

ஜஹாங்கீர் காலத்தில் கை மேலும் மலிந்தது. ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ 1615இல் இந்தியா வந்தார். அவருடன் இருந்த பாதிரியார் எட்வர்ட் டெர்ரி பின்னாளில் எழுதிய பயண நூலில், பேரரசருக்குப் பரிசாக வந்த ஆங்கில மாஸ்டிஃப் நாய்கள் பற்றிய குறிப்பு உள்ளது. கடற்பயணத்தில் பிழைத்த அந்நாய்கள் ஒவ்வொன்றுக்கும் நான்கு பணியாளரை ஜஹாங்கீர் ஒதுக்கினார். இருவர் முறை வைத்துப் பல்லக்கில் சுமக்க, இருவர் உடன் சென்று ஈ ஓட்ட வேண்டும். தம் கையாலேயே அவற்றுக்கு ஊட்டுவதற்காகப் பேரரசர் வெள்ளியில் இடுக்கி ஒன்றும் செய்வித்தார். வெள்ளி இடுக்கி வரலாற்றில் பதிவாயிற்று. பல்லக்குச் சுமந்த தோள்களுக்கு என்ன கூலி என்பது அக்கதையில் இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் இத்தொழிலுக்குத் தனிப்பெயர் வழங்கியது. கயிற்றைக் குறிக்கும் ‘டோரி’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து ‘டோரியா’, அதாவது நாயின் கயிற்றைப் பிடிப்பவர் என்னும் பெயர் பிறந்ததாக 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி விளக்குகிறது. அச்சொல்லின் பழைய ஆட்சிக்கு அது தரும் சான்று, 1781இல் கல்கத்தாவின் இந்தியா கெஜட்டில் வந்த ஒரு விளம்பரம். கேப்டன் ஒருவரின் மூட்டைப் படகிலிருந்து நாய் களவுபோனதாகவும், அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த நாய்க்காரரே எடுத்துச் சென்றதாகவும் அதில் குற்றச்சாட்டு. நாயின் உரிமையாளருக்குப் பெயர் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவர் பிடித்த கயிறே பெயர்.

19ஆம் நூற்றாண்டில் கவர்னர் ஜெனரல் ஆக்லண்டின் தங்கை எமிலி ஈடன் தம் ‘சான்ஸ்’ என்னும் ஸ்பேனியல் நாயுடன் வட இந்தியா முழுவதும் பயணம் செய்தார். அந்நாய்க்கெனத் தனிப் பணியாள் இருந்தார். இது ஆளுநர் மாளிகையின் ஆடம்பரம் மட்டுமன்று. அலகாபாத்தில் வாழ்ந்த ஃபேனி பார்க்ஸ் தம் வீட்டுப் பணியாளரின் பட்டியலை நூலில் தந்துள்ளார்: 57 பேர், அனைவருக்கும் சேர்த்து மாதம் 290 ரூபாய். தலைக்குச் சராசரி ஐந்து ரூபாய். இந்த விலையில் ஒரு நாய்க்கு ஒருவரை அமர்த்துவது எவருக்கும் ஆடம்பரமாகத் தோன்றவில்லை.

சிறிய குடும்பங்களில் அப்பொறுப்பு பெரும்பாலும் மேத்தர் எனப்பட்ட துப்புரவாளரின் தலையில் விழுந்தது. இதற்குக் காரணம் திறமை அன்று, சாதி. நாயைத் தீட்டாகக் கருதிய சமையற்காரரும் பரிசாரகரும் அதைத் தொட மறுத்தனர். வீட்டில் எந்த வேலையை எவரும் தொடமாட்டாரோ அது மேத்தருக்கு உரியதாயிற்று. கழிவகற்றியவரே நாயைக் குளிப்பாட்டினார், உண்ணி எடுத்தார், மாலையில் உலாவக் கொண்டுசென்றார். ஐரோப்பியத் துரைசானியின் மடியில் இடம்பெற்ற நாயைத் தொடலாம். அந்நாயைப் பேணியவரைத் தொடலாகாது. தொழிலின் விலை அதைச் செய்பவரின் சமூக விலையால் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. நாய் காப்பதைத் திறமை வேண்டாத வேலையாக எண்ணும் வழக்கம் இவ்வாறே வலுப்பெற்றது.

‘உடன் தங்குதல்’ என்பதன் பொருளும் இக்காலத்தில்தான் உறுதிப்பட்டது. பங்களாவின் பின்புறம் வரிசையாகப் பணியாளர் குடில்கள் இருந்தன. பணம் சம்பளமாகவும் குடில் சலுகையாகவும் கருதப்பட்டன. உணவு பெரும்பாலும் அவரவர் பொறுப்பு. ஆனால் குடிலுக்கு வாடகை வேறொரு நாணயத்தில் வசூலிக்கப்பட்டது. நள்ளிரவில் நாய் குரைத்தாலும், நோயுற்றுக் கக்கினாலும், கூப்பிட்ட குரலுக்கு எழுந்துவர வேண்டும். துரை கோடையில் சிம்லாவுக்கோ நீலகிரிக்கோ சென்றால் நாயுடன் செல்லவேண்டும். நாய் சமவெளியில் தங்கினால் தாமும் தங்கவேண்டும். இருப்பிடம் தரப்பட்டதால் இரவு முழுவதும் வாங்கப்பட்டுவிட்டது என்பதே அங்குக் கைக்கொண்ட விதி. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இரவுக்குத் தனி வரி இல்லை.

கணக்கில் வராத மற்றொன்று ஆபத்து. வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் 1885இல் மருந்து கண்டார். இந்தியாவில் அச்சிகிச்சைக்கான பாஸ்டர் நிலையம் 1900இல் கசௌலியிலும் 1907இல் குன்னூரிலும் தொடங்கப்பட்டது. அதற்கு முன் கடிபட்ட ஐரோப்பியர் வசதியிருந்தால் பாரிஸ் நகருக்குக் கப்பலேறினர். நாளெல்லாம் நாயின் வாயருகே கைவைத்திருந்தவருக்கு அந்தக் கப்பல் இல்லை. நிலையங்கள் வந்தபின்னும் அந்த மலையூர்களை உரிய நாளுக்குள் அடைந்தால்தான் உயிர். மாதம் ஐந்தாறு ரூபாய்ச் சம்பளத்தில் அந்த ஆபத்தின் விலை என்று ஓரணாவும் சேர்க்கப்பட்டதில்லை.

சமஸ்தானங்களில் இவ்வழக்கம் உச்சம் கண்டது. ஜூனாகத்தின் கடைசி நவாப் மூன்றாம் மஹாபத் கான் நூற்றுக்கணக்கான நாய்களை வளர்த்தார். இரு நாய்களுக்குப் பெருஞ்செலவில் திருமணம் நடத்தி, அந்நாளைச் சமஸ்தான விடுமுறையாக அறிவித்ததை வி. பி. மேனன் தம் சமஸ்தான இணைப்பு வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். 1947இல் நவாப் கராச்சிக்குப் பறந்தார். நாய்கள் சிலவும் உடன் பறந்தன. இக்கதை இன்றும் நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. நகைக்கும்போது மறக்கப்படுவது ஒன்றுண்டு: நூற்றுக்கணக்கான நாய்கள் இருந்தன எனில், அவற்றுக்குச் சோறிட்டு, நடத்தி, இரவில் அருகே படுத்திருந்த மனிதர் கூட்டம் ஒன்றும் அங்கே இருந்தது.

விடுதலைக்குப் பின் 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன் தொடக்க அட்டவணையில் வீட்டுப்பணி இடம்பெறவில்லை. வீட்டின் உட்புறம் தொழிற்கூடமன்று என்ற பழைய எண்ணம் சட்டத்திலும் தொடர்ந்தது. 1959இல் வீட்டுப் பணியாளருக்கென நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. கர்நாடகம் 2004இல்தான் வீட்டுப்பணிக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் தொழிலாளராக ஏற்றது.

2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை, பழைய பங்களாக் குடிலின் விதியை நேரடியாக மறுக்கிறது. பணியாளர் தம் விருப்பப்படி செலவிட முடியாமல், அழைத்தால் வரவேண்டிய நிலையில் காத்திருக்கும் நேரமும் அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு வேலை நேரமே என்கிறது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா இவ்வுடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்தது; இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

இந்தப் பின்னணியில் இன்றைய உடனுறை நாய்க்காவலரின் கட்டணத்தை மீண்டும் நோக்கலாம். ஊரையும் நாயின் அளவையும் பொறுத்து அது நாளொன்றுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை வேறுபடுகிறது. பொதுவில் நாள் கணக்கிலோ இரவுக் கணக்கிலோ பேசப்படுகிறது. இரண்டாவது நாய்க்குக் கூடுதல். மருந்து புகட்டவோ ஊசி போடவோ வேண்டிய முதிய நாய்க்குக் கூடுதல். தீபாவளி, புத்தாண்டு விடுமுறைகளில் கூடுதல். வெடிச்சத்தத்தில் நடுங்கும் நாயுடன் விழித்திருக்கும் இரவும், தம் வீட்டுப் பண்டிகையை விட்டு வந்த நாளும் அந்தக் கூடுதலில் அடங்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு நாளுக்கு 1,500 ரூபாய் எனக் கொள்வோம். பத்து நாள் பயணத்துக்கு 15,000 ரூபாய். கேட்பவருக்கு இது பெருந்தொகை. ஆனால் நாய்க்காவலர் இருப்பது நாளின் 24 மணி நேரமும். பகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இடைநிலை நிறுவனம் வழியாக வந்தவராயின் அதிலும் ஒரு பங்கு கழியும். அந்தத் தொகைக்குள் வீட்டுச் சாவியின் நம்பிக்கை உண்டு. வயிறு கெட்ட நாயை நள்ளிரவில் மருத்துவரிடம் தூக்கிச் செல்லும் பொறுப்பு உண்டு. கடிபடும் ஆபத்தும் உண்டு. நாய்க்குத் தடுப்பூசி போட்ட சான்றைக் காட்டுவதும், கடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என முன்கூட்டியே பேசுவதும், நீண்ட பயணமாயின் இடையில் ஒரு நாள் ஓய்வுக்கு மாற்று ஏற்பாடு செய்வதும் ஒப்பந்தத்தின் பகுதியாக வேண்டும். பலர் விலையை மட்டும் பேசி இவற்றை விட்டுவிடுகின்றனர்.

இன்றைய கட்டணம் அதிகமாகத் தோன்றுவதற்குக் காரணம், அது முன்பு கணக்கில் சேராதவற்றுக்கு விலை சொல்லத் தொடங்கியிருப்பதே. இரவு, ஓய்வு, ஆபத்து, நம்பிக்கை ஆகியவை அக்பர் காலத்திலும் பங்களாக் காலத்திலும் வேண்டப்பட்டவையே. அப்போது அவை இலவசமாகப் பெறப்பட்டன. அபுல் ஃபசலின் பட்டியலில் நாய்க்கு இத்தனை சேர் இறைச்சி என்று எழுதிய கை, நாய்க்காவலரின் உறக்கத்துக்கு ஒரு தாமும் எழுதவில்லை. அந்த விடுபட்ட வரியே இன்று இரவுக் கட்டணமாகக் கேட்கப்படுகிறது. பேரம் பேசுவோர் எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று அறிந்து பேசுவது நன்று.