கினிப்பன்றியின் சீரமும் நம்மூர்ப் பிள்ளைகளும்

ஆசிரிய நண்பர்களே, பெட்டாலிங் ஜெயாவை ஒட்டியிருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தை எத்தனையோ முறை கடந்து போயிருப்பீர்கள். ரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு அங்கே போடும் ஊசி மருந்துகளில் ஒன்றின் வரலாறு ஒரு காய்கறியில் தொடங்குகிறது.

1806-இல் பாரிஸில் வோக்லான், ரோபிகே என்ற இரு வேதியியலாளர்கள் அஸ்பராகஸ் தண்டின் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். (நம் தண்ணீர்விட்டான் கிழங்கு அதற்குப் பங்காளிச் செடி.) செடியின் பெயராலேயே அஸ்பராஜின் என்று அழைக்கப்பட்ட அதுதான் முதன்முதலில் பிரிக்கப்பட்ட அமினோ அமிலம். மருத்துவத்துக்கு அது உதவ ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின.

1953-இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்பவர், நிணநீர்ப் புற்றுக்கட்டி வளர்ந்த எலிகளுக்குக் கினிப்பன்றியின் சீரத்தைச் செலுத்தினார். கட்டி கரைந்தது. குதிரை, முயல் சீரத்தைப் போட்டால் கரையவில்லை! ஏன்? 1961-இல் ஜான் புரூம் விடை சொன்னார்: கினிப்பன்றியின் சீரத்தில் அஸ்பராஜினை உடைக்கும் நொதி இருக்கிறது. அதன் பெயர் அஸ்பராஜினேஸ். பிறகு அதைப் பாக்டீரியாவிலிருந்தே எடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நிணநீர் அணு நம் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்தது. அது பெருக வேண்டுமானால் புரதம் கட்ட அமினோ அமிலங்கள் வேண்டும். உடம்பின் பெரும்பாலான அணுக்கள் அஸ்பராஜினைத் தாங்களே செய்துகொள்ளும். பிஞ்சிலேயே கெட்டுப்போய்க் கண்டபடி பெருகும் நிணநீர் அணுவுக்கோ அந்தத் திறன் மிகக் குறைவு. ரத்தத்தில் ஓடுவதை எடுத்துத்தான் அது பிழைக்கும். வீட்டில் சமைக்கிறவனுக்கு மாமாக் கடை மூடினால் என்ன கவலை? கடையையே நம்பியிருப்பவன்தான் பட்டினி. நல்ல நிணநீர் அணுவும் கிருமியை எதிர்க்கப் புறப்படும் வேளையில் வெளியிலிருந்து வரும் அஸ்பராஜினை நாடுகிறது என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஒவ்வாமை, கணைய அழற்சி வேறு வரலாம்.

அப்படியானால் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கடுமையான சிகிச்சை போதும்? நம் நாடும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வு இதைத்தான் கேட்டது. மலாயாப் பல்கலைக்கழகமும் சுபாங் ஜெயா மருத்துவமனையும் அதில் இருந்தன. மொத்தம் 556 பிள்ளைகள். சிகிச்சை தொடங்கியபின் எலும்பு மஜ்ஜையில் எவ்வளவு புற்றணு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தார்கள். குறைவாக இருந்தவர்களுக்கு அடுத்தடுத்த மருந்துகளைக் குறைத்தார்கள். 2012-இல் முடிவு வெளியானது: ஆறாண்டுக் கணக்கில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் பிழைத்திருந்தார்கள். மருந்து குறைத்த பிள்ளைகளும் நன்றாகவே இருந்தார்கள்.

படிவம் நான்கு உயிரியலில் நொதி பாடம் நடக்கும் வாரத்தில், கினிப்பன்றிப் பத்தியை மட்டும் எடுத்துக் கருத்துணர்தலுக்குக் கொடுத்துப் பாருங்கள். "குதிரைச் சீரம் ஏன் பலிக்கவில்லை?" என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.