படைப்பணி முடித்தோரின் மறுவேலை உரிமை (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

படைப்பணிக்காக வேலையை விட்டுச் சென்றவர், பணி முடிந்து வந்ததும் அதே முதலாளியிடம் வேலையைத் திரும்பப் பெறும் சட்ட உரிமை. 1994 அக்டோபர் 13 அன்று பில் கிளின்டன் கையொப்பமிட்ட சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது.

முதல் உலகப்போர் முடித்து வந்தவர்களுக்கு இப்படி ஓர் உரிமை இருக்கவில்லை. படையிலிருந்து விடுவிக்கும்போது 60 டாலர் கொடுத்தார்கள். பழைய வேலை கிடைப்பது முதலாளி மனம் வைப்பதைப் பொறுத்தது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த முன்னாள் வீரர்கள் 1932இல் வாஷிங்டனில் முகாமிட்டு, போர்ப்பணிக்காகத் தங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட போனஸை உடனே தரக் கேட்டபோது, அரசு ராணுவத்தை அனுப்பியே அவர்களை விரட்டியது. அந்தக் களங்கத்துக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1940 செப்டம்பரில், அமைதிக்காலத்தில் முதன்முறையாகக் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது. அதற்கான சட்டத்திலேயே மறுவேலை உரிமையும் இடம்பெற்றது. ஆளைக் கட்டாயமாக அழைத்துச் செல்லும் அரசு அவருடைய பிழைப்புக்கும் பொறுப்பேற்றது நியாயமே. விடுவிக்கப்பட்ட 40 நாள்களுக்குள் வேலையைக் கேட்க வேண்டும். 1944இல் இது 90 நாள்களானது. திரும்பச் சேர்ந்தவரைத் தக்க காரணமின்றி ஓராண்டுக்கு நீக்கக்கூடாது.

திரும்பி வருபவருக்கு உரியது எந்த இடம்? இதற்கு விடை 1946இல் ஃபிஷ்கோல்டு வழக்கில் கிடைத்தது. புரூக்ளின் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டராக இருந்த ஃபிஷ்கோல்டு, போரிலிருந்து வந்து மீண்டும் வேலையில் சேர்ந்தார். வேலை குறைந்த நாள்களில், போருக்குப் போகாத, ஆனால் பணிமூப்பு கூடியவர்களுக்கு வேலை தந்து அவரை நிறுத்திவைத்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். ஆனால் நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பு பணிமூப்பை எஸ்கலேட்டராகக் கண்டது: வீரர் இறங்கிய படியில் அல்ல, இறங்காமலே இருந்திருந்தால் இந்நேரம் எந்தப் படியில் நிற்பாரோ அங்கே ஏற வேண்டும். மற்றவர்களைத் தாண்டிச் செல்லும் சலுகை இல்லை. போரில் கழிந்த ஆண்டுகளால் இழப்பும் இல்லை. இந்த உரிமையின் உயிர்நாடி இந்தத் தீர்ப்புதான். 1977இல் ஓய்வூதியக் கணக்கிலும் படைப்பணிக் காலத்தைச் சேர்க்க வைத்தது இதே கொள்கை.

மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் 1974இல் இதன் வரம்புக்குள் வந்தார்கள். திருத்தத்துக்கு மேல் திருத்தமாகச் சிக்கலாகிப்போன சட்டத்தை, வளைகுடாப் போருக்குச் சேமப்படையினரைப் பெருமளவில் அழைத்த அனுபவத்துக்குப் பிறகு, 1994இல் புதிதாக எழுதினார்கள். ஒரே முதலாளியிடம் இருக்கும் காலத்தில் மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரையிலான படைப்பணிக்குப் பாதுகாப்பு உண்டு. சிலவகைப் பணிகள் இந்தக் கணக்கில் சேராது. 30 நாள்களுக்குள் முடியும் பணி என்றால் பயணமும் எட்டு மணிநேர ஓய்வும் முடிந்து அடுத்த வேலைநாளிலேயே திரும்ப வேண்டும். 180 நாள்களுக்கு மேற்பட்டதற்கு 90 நாள் அவகாசம். காயமோ நோயோ உடையவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை நீளும். ஊனத்தால் பழைய வேலையைச் செய்ய முடியாதவருக்கு முதலாளி இயன்ற வசதி செய்து தர வேண்டும், அல்லது வேறு பொருத்தமான வேலை தர வேண்டும்.

இந்த உரிமையை மாநில அரசே மறுத்தால்? ஈராக்கில் குப்பை எரிகுழிகளின் புகையால் நுரையீரல் கெட்டுத் திரும்பிய டெக்சஸ் மாநிலக் காவலர் லெ ராய் டோரஸ் தொடுத்த வழக்கில், தன் மீது வழக்கே தொடுக்க முடியாது என்று அந்த மாநிலம் வாதிட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. தனியார்துறை ஊழியர்களுக்கு இன்னொரு தடை நீடிக்கிறது. வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு விதி இருந்தால் நீதிமன்றம் போக முடியாது என்று பல கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கூறியுள்ளன. ஒப்பந்தத்தால் குறைக்க முடியாத உரிமை என்று சட்டமே சொல்லியிருக்க, இது அதன் நோக்கத்துக்கே முரணானது.